கால்மாறிப் போன கோப்பை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் ஊர் மைதானத்தில், ஒரு புது மாப்பிள்ளை பெனல்ட்டி அடிக்கப் போனான். உள்ளங்கையில் மருதோன்றி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

அவன் அடிக்கப் போவது எங்கள் கழகத்துக்காக. கோல் வாசலில் நிற்பவன் அவனுடைய சகலன் — மனைவியின் அக்காவைக் கட்டியவன். மைதானத்து ஓரம் நிறுத்தியிருந்த வானுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவனுடைய புது மனைவி. அவள் யார் பக்கம்? அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. எனக்குக் கேட்க ஆசை. கழகச் செயலாளர் என்ற முறையில் அந்த உரிமை எனக்கு உண்டு என்றும் நினைத்தேன்...

பந்து உள்ளே போனால் சமன், ஆட்டம் தொடரும். வெளியே போனால் கோப்பை அக்கரைப்பற்றுக்கு.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அந்தப் பந்தை நீங்கள் சரியாகப் பார்க்க முடியாது.

எனக்குப் பொறாமை அதிகம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் கண்டபடி எல்லோர் மீதும் பொறாமைப்படுகிற ஆள் நான் இல்லை. என் பொறாமைக்கு ஓர் எல்லை உண்டு — பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம்.

கொழும்பிலும் கண்டியிலும் றக்பி என்றொரு விளையாட்டு விளையாடுகிறார்கள். டீவியில் பார்த்திருப்பீர்கள். சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று றெஃபரியே குனிந்து தேடுவார். அதில் எந்தக் கழகம் என்ன கோப்பை எடுத்தாலும் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பேன். ஆனால், அக்கரைப்பற்றுக்காரர்கள் ஏதோ ஒரு கரம்போர்ட் போட்டியில் வென்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால்கூட அன்று எனக்குச் சோறு இறங்காது.

றக்பியைச் சும்மா இழுக்கவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் மாவட்ட நொக்கவுட் கோப்பை உதைபந்தாட்டத்துக்கானது. சம்பளம் வாங்காமல், சொந்தக் காசில் சப்பாத்து வாங்கி ஆடுகிற ஊர்க் கழகங்களுக்காக வைத்தது. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இந்தக் கோப்பையை வாங்கக் கொழும்புக்குப் போனவர்கள் அதன் உயரத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்திருக்கிறார்கள். உச்சியில் நிற்கிற ஆளைப் பார்க்கவில்லை. அவன் காலால் எதையும் உதைக்கவில்லை. முட்டை வடிவத்தில் ஏதோ ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் ஒரு றக்பிக்காரன்.

கல்முனைச் சந்தையில் அதை முதன்முதலில் பார்த்த ஒருவர், "இவன் ஆர்ர தோட்டத்திலயோ வெள்ளரிப்பழம் களவெடுத்துக்கிட்டு ஓடுறான்" என்றார். அன்றிலிருந்து அது வெள்ளரிப்பழக் கோப்பை. இப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கூட வாய்தவறி அப்படித்தான் சொல்கிறார்.

அந்த வெள்ளரிப்பழத்தை எங்கள் கழகம் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஸாஹிரின் கழகம் தொட்டிருக்கிறது. ஒரு வருடம் முழுக்க அவன் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் அது நின்றது. நான் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஸாஹிர் யார்? எங்கள் தெருவில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். நான் கோல் அடிக்க ஆசைப்பட்ட காலமெல்லாம் எதிரே நின்று அதைப் பிடித்தவன். எனக்கு முப்பது தாண்டியதும் தொந்தி வந்தது. அவனுக்கு இன்னும் வரவில்லை. நான் வெறும் செயலாளர். அவன் செயலாளர், கப்டன், கோல்கீப்பர் எல்லாம். நான் சைக்கிள் ஓட்டிய காலத்தில் அவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான். நான் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, நடப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி நடக்க ஆரம்பித்துவிட்டான். அந்த நடையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

அவன் அக்கரைப்பற்றானாக ஆனது கல்யாணத்தால். எங்கள் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்தால் பெண் வீடு மாறுவதில்லை, ஆண்தான் மாறுவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைத் தேடுவார்கள். அக்கா தங்கைகளுக்கு ஒரே வளவில் அடுத்தடுத்து வீடு. மாப்பிள்ளைமார் ஊர் ஊராக வந்து அந்த வளவில் சேருவார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் இதை ஒரு செயலாளரின் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். மீசை முளைக்கும் முன்பே ஒருவனைப் பிடித்து, வெயிலிலும் மழையிலும் ஓடவிட்டு, திட்டி, சப்பாத்து வாங்கிக் கொடுத்து, ஒரு ஆட்டக்காரனாக்கி விடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அவன் கழுத்தில் மாலையோடு வேறு ஊருக்குப் போய்விடுகிறான். வெளிநாட்டுக் கழகங்கள் கோடிக்கணக்கில் கொட்டி ஆட்டக்காரனை வாங்குகின்றனவாம். இங்கே ஒரு வீடும், அதற்குள் ஒரு மச்சினியும் இருந்தால் போதும்.

நான்? நான் கட்டியது அடுத்த குறுக்குத்தெருவில். ஊரும் மாறவில்லை, கழகமும் மாறவில்லை. என் மனைவி அவளுடைய வீட்டில் ஒரே பிள்ளை. தங்கை கிடையாது. கழகத்தைப் பொறுத்தவரை அது ஒரு குறைதான்.

இனி நிஸார். பஸாரில் புடவைக்கடையில் நிற்கிறவன். நிஸாருக்கு இடது கால்தான் கால். வலது கால் நிற்பதற்கு மட்டும். அந்த இடது காலால் அவன் அடித்தால், பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே கடைசியில்தான் தெரியும். இந்த முறை அவனால்தான் நாங்கள் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினோம். நாவிதன்வெளிக் கழகத்தோடு நடந்த செமி பைனலில் அவன் போட்ட கோலை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது. முதன்முறையாக பைனல். எதிரே ஸாஹிரின் கழகம். மைதானமோ எங்களுடையது. இதைவிட என்ன வேண்டும்?

செமி பைனல் முடிந்த மறுநாளே ஸாஹிர் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு முட்டித் தயிர்.

"மாஷா அல்லாஹ், நல்லா ஆடினானுகள் மச்சான். மறுகா ஒரு நல்ல செய்தி. ஒங்கட நிஸாருக்கு எங்கட வீட்டுக்காரிர தங்கச்சியப் பேசி முடிச்சாச்சி. வாற வெள்ளிக்கிழம கலியாணம்."

"பைனல் அதுக்கு அடுத்த கிழம ஞாயிறுதானே?" என்றேன்.

"ஓம். அதுக்கென்ன? கலியாணம் வேற, பந்து வேற."

அவ்வளவுதான். விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஸாஹிர். ஆனால் விதி எனக்கும் மனப்பாடம். ஆட்டக்காரர் எந்தக் கழகத்துக்கு ஆடுகிறாரோ அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். ஒரு கழகத்துக்குப் பதிந்தவர் அந்த வருடம் வேறு கழகத்துக்கு ஆடவும் முடியாது. கல்யாணம் முடிந்தால் நிஸாருக்கு அக்கரைப்பற்றில் வீடு. அப்படியென்றால் அவன் அவர்களுக்கும் ஆட முடியாது, எங்களுக்கும் ஆட முடியாது. அவர்களுக்கு அது நட்டமில்லை. அவர்களிடம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு இடது கால்.

கோப்பையின் உச்சியில் ஓடுகிறவன் ஞாபகத்துக்கு வந்தான். ஸாஹிரும் அப்படித்தான், எங்கள் நிஸாரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான்.

தயிர் நல்ல தயிர். ஆத்திரத்தில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மனைவியிடம் புலம்பினேன். அவள் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நிஸார்ட உம்மா எத்தின வருசமாப் பொண்ணு தேடித் திரிஞ்சா. அப்ப ஒங்கட கிளப் எங்க இருந்திச்சி?"

"கிளப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அத ஸாஹிர் காக்காக்கிட்டக் கேளுங்க. அவருக்குத் தெரிஞ்சிரிக்கி" என்றாள்.

என் வீட்டுக்குள்ளேயே அவனுக்கு நற்சான்றிதழ். காக்கா என்று அண்ணன் முறை வேறு. அன்று இரவு கருவாடும் இறங்கவில்லை.

ஆனால் பொறாமைக்கு ஒரு நன்மை உண்டு. மூளை வேலை செய்யும். விடிவதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. அதன் பெயர் கால்மாறி.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கிவிடுவான். பிறகு ஒரு நாள் பார்த்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டுச் சனத்தோடு மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்கு அழைப்பார்கள். சாப்பாடு, உடுப்பு, உபசாரம் எல்லாம் நடக்கும். இதற்குத்தான் கால்மாறிப் போறது என்று பெயர். அது முடிந்தால்தான் கல்யாணக் காரியங்கள் முடிந்த மாதிரி.

போட்டிக் குழுவின் தலைவர் காரைதீவு ஆள், ஓய்வுபெற்ற அதிபர். அவர் முன்னால் நானும் ஸாஹிரும் அமர்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"கால் மாறாத மாப்பிள்ளைய எந்த ஊரான் எண்டு சொல்றது சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட தமிழ்ச் சனத்துக்கையும் அந்த வழக்கம் இருக்கு. கால்மாறி முடியுமட்டும் அவன் இன்னும் தாய் வீட்டான் எண்டுதான் கதைப்பினம்... சரி, கால்மாறி எப்ப வச்சிருக்கு?"

"பைனல் அண்டைக்கு" என்றேன். நிஸாரின் உம்மாவிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஸாஹிர் சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பதில்கள்கூடத் தயார். அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்.

"அவர் சொல்றது சரி சேர். எங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. நிஸார் அவங்களுக்கு ஆடட்டும்."

எதிராளி கெட்டவனாக இருந்தால் வாழ்க்கை எவ்வளவு லேசு. திட்டிவிட்டுத் தூங்கலாம். பெருந்தன்மையான எதிராளியை என்ன செய்வது? தலைவர் அவனுடைய தோளைத் தட்டினார். வாதத்தில் வென்றது நான், தட்டு வாங்கியது அவன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போனேன். அந்த வளவையும் பார்த்தேன். சுற்றிலும் தென்னை. நடுவில் மணல் முற்றம், ஒரு பெனல்ட்டி அடிக்கப் போதுமான அகலம். ஸாஹிரின் வீட்டுக்கும் நிஸாரின் புது வீட்டுக்கும் நடுவில் வேலிகூட இல்லை. நிஸார் மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் மைதானத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வேலை நிஸாரின் உம்மா. அவரை நான் சாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"கால்மாறி வாற நாளையில மாப்பிள்ள களிசான் போட்டுப் பந்தடிக்கப் போறதா?" என்றார் சாச்சி. "பொண்ணு வீட்டார் என்ன நினைப்பாங்க?"

"பொண்ணு வீட்டாரும் பந்தடிக்கத்தான் சாச்சி வாறாங்க."

சாச்சி அடுப்படியில் இருந்த பெரிய சட்டியை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அப்ப எத்தின பேருக்குச் சோறு?" என்றார். அப்படித்தான் தேதி முடிவானது.

ஞாயிறு வந்தது. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரு வானும் வந்து நின்றன. வானில் பெண்ணும் பெண்களும். பஸ்ஸில் பெண் வீட்டு ஆண்கள் — அதாவது, ஸாஹிரின் டீம் முழுவதும். சட்டைக்குள் ஜேர்சி தெரிந்தது.

இப்போது என் இரண்டாவது யோசனையைச் சொல்ல வேண்டும். நெய்ச்சோறு.

பெண் வீட்டார் வந்தால் வயிறு முட்டப் போடாமல் விடக்கூடாது. அது மரியாதை. வயிறு முட்டத் தின்றவன் நான்கு மணிக்கு ஓட முடியாது. அது இயற்கை. மரியாதையும் இயற்கையும் எங்கள் பக்கம் இருக்கும்போது கவலை ஏன்? எங்கள் டீமையே பரிமாற விட்டேன். "விடாம போடுங்க. இறைச்சிக்கறி தாராளமா ஊத்துங்க" என்று காதோடு சொன்னேன்.

நானே கரண்டியோடு ஸாஹிரிடம் போனேன்.

"போடுறன் மச்சான், இன்னும் ஒரு கரண்டி."

"போதும் மச்சான்."

"என்ன கொஞ்சமாத் தின்றாய். சம்பந்தி வீட்டுச் சோறு பிடிக்கலியா?"

"பொண்ணு வீட்டார் நாங்க. அடக்கமாச் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிட்டான். அவன் எழுந்ததும் அந்த டீமே எழுந்தது. எல்லோரும் கோழி கொத்தினமாதிரிக் கொஞ்சம் கொஞ்சம்தான் தின்றிருந்தார்கள். பெண் வீட்டு ஆட்கள் மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது? பொறாமை மூளையை வேலை செய்ய வைக்கும் என்று சொன்னேன் அல்லவா... பாதி மூளையைத்தான்.

சட்டி சட்டியாக நெய்ச்சோறு மிஞ்சியது. சாச்சி வாசலில் வந்து நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

"இவ்வளவையும் நான் ஆருக்கு ஆக்கினன்? இரிங்க எல்லாரும். ஒரு பருக்கை மிஞ்சப்படாது."

உம்மாமார் சொன்னால் எதிர்த்துப் பேச எங்கள் கழகத்தில் ஆள் இல்லை. எங்கள் டீம் இருந்தது. தின்றது. கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தது. நானும் தின்றேன். பொய் சொல்லக்கூடாது, அருமையான சோறு.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. எங்கள் ஆட்கள் ஓடவில்லை, அசைந்தார்கள். எங்கள் பேக் ஒருவன் கோர்னர் கொடியைப் பிடித்துக்கொண்டு ஏப்பம் விட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நல்லகாலம், எங்கள் கோல்கீப்பர் ஒருவன்தான் அன்று காலையிலிருந்து பதற்றத்தில் எதையும் தின்னவில்லை. பாய்ந்து விழுந்து எல்லாவற்றையும் பிடித்தான். அந்தப் பக்கம் ஸாஹிர் வேலையில்லாமல் நின்றான். ஒட்டிய வயிற்றோடு.

நிஸாருக்கு இரண்டு பந்து கிடைத்தது. இரண்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பின. இரண்டும் இடது காலால் அடித்தவை. ஸாஹிர் இரண்டுக்கும் அசையவே இல்லை. பார்த்துக்கொண்டு நின்றான்.

கோல் இல்லாமல் முடிந்தது. மேலதிக நேரம் கொடுக்க வழியில்லை. இருட்டுவதற்குள் அவர்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஊர்போய்ச் சேர வேண்டும். இந்த யுத்த காலத்தில் எங்கள் கரையில் எல்லா ஆட்டத்துக்கும் கடைசி விசில் ஊதுவது பொழுதுதான். நேரே பெனல்ட்டி.

மாறி மாறி அடித்தார்கள். எங்களில் ஒருவன் வானத்துக்கு அடித்தான், வட்டிலப்பத்தின் வேலை. அவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு அடி, அவர்களுக்கும் ஒன்று. நிஸார் போட்டால்தான் எங்களுக்கு உயிர். தலைவரின் மேசையில் வெள்ளரிப்பழக்காரன் ஓடத் தயாராக நின்றான்.

இங்கேதான் நான் முதலில் தொடங்கினேன்.

நிஸார் பந்தை வைத்தான். பின்னால் போனான். அவன் வழக்கமாக பந்துக்கு வலப்பக்கமாகப் போய் நிற்பான். இடது காலால் அடிக்கிறவன் அங்கேதான் நிற்பான். அன்று இடப்பக்கமாகப் போய் நின்றான். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "என்ன இவன் அந்தப் பக்கம் நிக்கான்?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் நிஸார் ஓடிவந்து அடித்துவிட்டான்.

வலது காலால்.

பந்து அவசரமில்லாமல் போனது. உருண்டு, உருண்டு, கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போய் நின்றது. ஸாஹிர் இந்த முறையும் அசையவில்லை.

அவர்கள் ஓடிவந்து ஸாஹிரைத் தூக்கினார்கள். நான் நிஸாரிடம் போனேன். திட்டத்தான் போனேன். அவன் கண் நிறைந்திருந்தது.

"என்ன நிஸார் இது?"

"கால் மாறிட்டன் காக்கா" என்றான். "கலியாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வளவுக்குள்ள ஸாஹிர் காக்காக்குத்தான் அடிச்சுப் பழகினன். என்ட இடது கால் எங்க போகும் எண்டு அவருக்கு நல்லாத் தெரியும். அதான்."

சரி. நியாயம்தான். எங்களை வெல்ல வைக்கத்தான் காலை மாற்றியிருக்கிறான். அவனுடைய முதுகில் தட்டினேன். அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஸாஹிரிடம் போய்க் கைகொடுத்தேன். முகத்தில் சிரிப்பை ஒட்டவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கைகொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அதிர்ஷ்டம் மச்சான்" என்றான் ஸாஹிர். "இடது காலால அடிச்சிருந்தா கோல்தான். வளவுக்குள்ள அவன் அடிச்ச ஒண்டையும் நான் இண்டு வரைக்கும் பிடிச்சதில்ல."

நான் அவனுடைய கையை விடவில்லை. "என்ன சொல்றாய்?"

"சத்தியமா மச்சான். ஒண்டையும் பிடிச்சதில்ல. அசையக்கூட முடியிறல்ல. எங்கட வீட்டுப் புள்ளையள் எல்லாம் பாத்துச் சிரிக்கிறதுதான்."

ஞாயிறு இரவிலிருந்து இதை எழுதுகிற வரைக்கும் எனக்கு இதுதான் வேலை. ஒருவன் சொல்கிறான், என் இடது கால் அவருக்குத் தெரியும் என்று. மற்றவன் சொல்கிறான், அவனுடைய இடது காலை ஒருநாளும் பிடித்ததில்லை என்று. இரண்டு சகலன்களில் ஒருவன் பொய் சொல்கிறான். யார்? நிஸாரா... புது வளவில் சோறு கசக்கக்கூடாது என்று தெரிந்தே வெளியே அடித்தானா? ஸாஹிரா... தோற்ற என்னை இன்னும் கொஞ்சம் வேகவைக்க நினைத்தானா? அல்லது, சகலனுக்கு மனம் நோகக்கூடாது என்று பின்னேரங்களில் வேண்டுமென்றே பிடிக்காமல் விட்டானா?

அந்த முற்றத்தில் நின்று பார்த்துச் சிரித்தவர்களுக்கு உண்மை தெரியும். வானுக்குள் இருந்தவளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் நான் அந்த வளவில் இல்லை.

சொன்னால் நம்புங்கள், கோப்பை போனதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. பின்னேரம் ஆனதும் அவர்கள் மணல் முற்றத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் அடிப்பான், ஒருவன் அசையாமல் நிற்பான், எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் நிஸார் எங்களோடு ஒரு பின்னேரம்கூட சும்மா விளையாடவில்லை. நான் விடவில்லை. அவனை ஓடவிட்டேன்.

அன்று பஸ் புறப்பட நேரமாகிவிட்டது. நிஸார் ஒன்பதாம் இலக்க ஜேர்சியைக் கழற்றி, புடவைக்கடையில் மடிப்பதுபோல் அழகாக மடித்து, என் கையில் தந்தான்.

"இத இனி வேற ஆருக்காவது குடுங்க காக்கா."

பிறகு சாச்சி பிடித்துக்கொண்டு அழ, அவன் ஒரு புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வானில் ஏறினான். கால்மாறி முடிந்தது. இனி அவன் அக்கரைப்பற்றான். வான் பின்னால் போக, பஸ்ஸின் மிதிபலகையில் ஸாஹிர் நின்றான். வெள்ளரிப்பழக்காரனை அக்குளில் இடுக்கியிருந்தான். என்னைக் கண்டதும் மற்றக் கையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜேர்சியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"நெய் மணக்குது" என்றாள். "விடுங்க. அடுத்த வருசம் பாப்பம். கோல்கீப்பர் நல்ல பொடியன்தானே. இண்டைக்கு என்ன மாதிரிப் பிடிச்சான்."

ஓம். நல்ல பொடியன். இன்னும் கல்யாணமாகவில்லை. அவனை ஸாஹிரும் அன்று முழுக்க எதிர்ப்பக்கத்தில் வேலையில்லாமல் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸாஹிரின் மனைவிக்கு இன்னும் ஒரு தங்கை இருக்கிறாள்.